நம்ம டீம் ஏன் தோக்குது? எங்கள் ஊர் கால்பந்து அணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில், பாக் ஜலசந்திப் பக்கம் இருக்கிறது. ஊருக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. அந்த அணியின் ஆட்ட நோட்டை எழுதுவது நான். கோல்கீப்பர் என் தம்பி. பகலில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஐஸ் ஏற்ற வருகிறவர்கள், மீன் எடுக்க வரும் வியாபாரிகள், லீவுக்கு வந்த சபுராளிகள் (வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள்), புதிதாகக் கல்யாணமாகி ஊருக்குள் வந்த பெண்கள் என்று ஆளாளுக்கு வந்து கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

“அக்கா, நம்ம ஊருக்கு டீம் இருக்கா? நான் பார்த்ததே இல்லையே?”

இருக்கிறது. நீல ஜெர்சி, வெள்ளை நம்பர். கடலுக்குப் போகாத நாட்களில் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கரைக்கு வந்தால் பார்க்கலாம். ஒரு பக்கம் சவுக்குக் கம்பு நட்ட கோல் போஸ்ட், எதிர்ப் பக்கம் இரண்டு மீன் பெட்டி. ஆடுவது செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர். பாதிக்கு இருபது நிமிஷம்.

நீங்கள் பார்க்காததற்குக் காரணம் உண்டு. போட்டிகளில் கூட்டம் கூடுவது அரையிறுதிக்கும் இறுதிக்கும்தான். நாங்கள் பெரும்பாலும் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிடுவோம். எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் நாளே வர வேண்டும்.

“கடைசியா எப்ப ஜெயிச்சாங்க?”

ஆட்டத்தையா கேட்கிறீர்கள், கப்பையா? ஆட்டம் என்றால் போன வருஷம் இரண்டு. அதில் ஒன்று எதிரணி வந்த வேன் வழியில் நின்றுபோனதால் கிடைத்தது. அதை நோட்டில் வெற்றிக் கணக்கில் சேர்க்காமல் தனியாக எழுதியிருக்கிறேன். தம்பிக்கு அதில் வருத்தம்தான். ஆனால் ஆடாத ஆட்டத்தை ஜெயித்ததாக எழுத எனக்குக் கை வரவில்லை.

கப்பு வந்தது நான் பத்தாவது படிக்கும்போது. டீக்கடைக் கண்ணாடி அலமாரியில், பன் வைக்கும் தட்டுக்கு மேல் இருக்கிறதே, அதுதான். ஊர்வலம் வந்த ராத்திரி ஒரு கைப்பிடி உடைந்துவிட்டது. டீக்கடை மாமா அந்தக் கைப்பிடியையும் தூக்கிப் போடாமல் கப்புக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறார். கப்பை எடுத்து லேசாக ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும். சின்னப் பிள்ளைகள் அதைக் கேட்கவே வந்து நிற்பார்கள்.

“ஏன்தான் எப்பப் பார்த்தாலும் தோக்குறாங்க?”

ஒரே காரணம் சொல் என்றால் சனிக்கிழமை என்பேன். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. எங்கள் ஏழு பேரில் நாலு பேர் அங்கே விசைப்படகில் பங்குக்குப் போகிறவர்கள். போட்டி நடத்துகிறவர்கள் ஆட்டம் வைப்பதோ ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலையில் அனுமதி டோக்கன் வாங்கிக் கிளம்பி, ராத்திரி முழுக்க மடி வலை இழுத்து, ஞாயிறு விடியலில் கரை சேர்ந்து, மீன் பிரித்துப் போட்டு, பங்குக் காசை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி ஊருக்கு வந்து சேர மணி பதினொன்று ஆகிவிடும். நாலு மணிக்கு ஆட்டம். முதல் பாதியில் எங்கள் பையன்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். நாங்கள் வாங்கிய கோல்களில் பாதிக்கு மேல் கடைசிப் பத்து நிமிஷத்தில் வாங்கியவை. அது கால் ஓய்ந்துபோகிற நேரம்.

தம்பியின் கையைப் பார்த்தால் இன்னும் விளங்கும். இறால் பிரிக்கும்போது அதன் தலைக் கொம்பு விரலில் ஏறிவிடும். குத்தின இடம் சிவந்து, அரிசி மணி அளவுக்குத் தடித்து நிற்கும். ராத்திரியெல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறின கை. அந்த விரலோடு பந்தைப் பிடிக்க வேண்டும். ஒரு தடவை மெதுவாக வந்த பந்தைக்கூடக் கை நழுவ விட்டான். கூட்டம் சிரித்தது. அவன் கையுறையைக் கழற்றியபோது ஆள்காட்டி விரல் மடங்கவே இல்லை.

அடுத்தது மணல். பழகுவது கடற்கரை மணலில், போட்டி நடப்பதோ கெட்டித் தரையில். மணலில் பந்து விழுந்த இடத்திலேயே அமுங்கும். கட்டாந்தரையில் நெஞ்சு உயரத்துக்கு எழும்பும். மணலில் ஓடிப் பழகிய காலுக்கு வலு உண்டு, ஆனால் பந்து எங்கே எழும் என்று கணக்குப் பிடிக்கவே முதல் கால் மணி நேரம் போய்விடுகிறது. அதற்குள் எதிரணி ஒரு கோல் போட்டிருக்கும்.

“காத்து அவங்களுக்குத்தான் சாதகமா அடிச்சுச்சுன்னு சொல்றாங்களே, அது சாக்கா?”

சாக்கு இல்லை. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று மத்தியானத்துக்கு மேல் எப்படி வீசும் என்று நம் கரையில் இருக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டாம். காற்றுக்கு எதிரே தூக்கி அடித்த பந்து பாதி வழியில் நின்று நம் தலைக்கு மேலேயே திரும்பி வரும். காற்றோடு அடித்தால் கோல் போஸ்டைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் போய் விழும். சீமைக் கருவேல முள் ஏறினால் அந்தப் பந்தின் கதை முடிந்தது. போன வருஷம் அப்படி மூன்று பந்து போயிற்று.

ஆனால் காற்று இரண்டு அணிக்கும் ஒன்றுதான், பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுகிறார்களே என்று கேட்பீர்கள். சரிதான். எங்கள் தப்பு டாஸில் இருக்கிறது. டாஸ் ஜெயித்தால் பையன்கள் காற்று முதுகில் அடிக்கிற பக்கத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். அப்போதுதான் கோல் போட்டுவிடலாம் என்று ஆசை. இரண்டாம் பாதியில், மேலே சொன்ன ஓய்ந்த காலோடு, எதிர்க்காற்றில் ஆட வேண்டியிருக்கும். முதல் பாதி எதிர்க்காற்றில் தடுத்து ஆடிவிட்டுப் பிறகு காற்றோடு ஆடுங்கள் என்று நான் மூன்று வருஷமாகச் சொல்லி வருகிறேன். எதிர்க்காற்றில் பந்தைத் தரையோடு உருட்டி ஆட வேண்டும், தூக்கக் கூடாது. இதைக் கேட்ட இரண்டு ஆட்டங்களில் ஒன்று டிரா, ஒன்று ஒரே கோலில் தோல்வி. மாற்றம் தெரிகிறது.

“தடைக்காலத்துல படகே போகாதே. அப்ப எல்லாரும் ஊர்ல சும்மாதானே இருக்காங்க, அப்பவும் ஏன் தோக்குறீங்க?”

நல்ல கேள்வி. நம் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். முன்பு 45 நாளாக இருந்தது. அந்த 61 நாளில் யாரும் சும்மா இருப்பதில்லை. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, வலை பொத்துவது என்று வேலை இருக்கும். அது கிடைக்காதவர்கள் கேரளாவுக்குப் போய்விடுவார்கள். அங்கே தடை ஆரம்பிப்பது ஜூனில்தான் என்பதால் அதுவரை படகு ஓடும். எங்கள் ஃபார்வேர்டு இரண்டு பேரும் அப்படிக் கொல்லம் பக்கம் போகிறவர்கள். நல்ல போட்டிகள் எல்லாம் கோடை லீவில், மே மாதத்தில்தான் வருகின்றன. ஆக, கடலுக்குப் போகும் காலத்தில் ஏழு பேரில் நாலு பேருக்குத் தூக்கம் இல்லை. போகாத காலத்தில் தூங்கி எழுந்த அஞ்சு பேரும் ஒன்பதாவது படிக்கும் இரண்டு பையன்களும்.

“மத்த ஊர்க்காரங்க மாதிரி வெளியூர் பிளேயரை எறக்க வேண்டியதுதானே?”

ஒரு தடவை இறக்கினோம். ஜெர்சிக்கு என்று சேர்த்த பணத்தை எடுத்து ஒருவரை வரவழைத்தோம். நன்றாக ஆடினார், இரண்டு கோல் போட்டார். 3-2 என்று தோற்றோம். அது போகட்டும். அவர் கோல் போட்டபோது கூட்டத்தில் யாருக்கும் பெயர் தெரியவில்லை. “ஒன்பதாம் நம்பர், ஒன்பதாம் நம்பர்” என்று கத்தினோம். ஆட்டம் முடிந்ததும் அவர் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். தோல்வியைப் பற்றிப் பேச டீக்கடையில் உட்கார்ந்தபோது அந்த ஒன்பதாம் நம்பர் இடம் காலியாக இருந்தது.

அந்த வாரம் ஊரில் பேசி, இனி ஊர்ப் பிள்ளைகள் மட்டும் என்று முடிவெடுத்தோம். ஊர்ப் பிள்ளை என்றால் யார் என்று அப்புறம் ஒரு மாதம் சண்டை நடந்தது. இங்கே பெண் எடுத்த மாப்பிள்ளைகளும் சேர்த்தி என்று முடிந்தது. இப்போதைய ஸ்டாப்பர் (பின்னால் நின்று தடுத்து ஆடுபவர்) அப்படி வந்தவர். மாமனார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த இடத்தில் ஜெர்சியை மாட்டிவிட்டார்கள்.

“ரெஃபரி அந்த ஊர்க்காரனுக்குச் சொந்தக்காரராமே?”

ஆமாம். நமக்கும் சொந்தக்காரர்தான். தொண்டியிலிருந்து பாம்பன் வரை யார் யாருக்குச் சொந்தம் இல்லை, சொல்லுங்கள்.

“செவன்ஸ்ல ஆஃப்சைடு உண்டா, இல்லையா?”

பதினோரு பேர் ஆட்டத்தில் உண்டு. நமக்குப் பந்து அடிக்கப்படும் அந்த நொடியில், எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசி இரண்டு பேரில் முன்னால் நிற்பவரையும் தாண்டி கோலுக்கு அருகில் நின்றால் ஆஃப்சைடு. அந்தக் கடைசி இரண்டு பேரில் ஒருவர் பெரும்பாலும் கோலியாக இருப்பார். 1925 வரைக்கும் இரண்டு என்பது மூன்றாக இருந்தது.

நம் பக்கத்து செவன்ஸில் பெரும்பாலும் ஆஃப்சைடு வைப்பதில்லை. ஆனால் அது போட்டிக்குப் போட்டி மாறும். அதனால் நுழைவுக் கட்டணம் கட்டும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்காமல் போய் ஒரு கோலை இழந்திருக்கிறோம். பையன் கோல் போட்டுவிட்டு ஜெர்சியைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு கடல் வரைக்கும் ஓடிவிட்டான். திரும்பி வருவதற்குள் எதிரணி ஃப்ரீ கிக் எடுத்து, ஆள் இல்லாத அவன் பக்கமாகவே வந்து கோல் போட்டுவிட்டார்கள்.

“செருப்புகூடப் போடாம வெறுங்கால்ல ஆடினா எப்படி ஜெயிக்க முடியும்? அந்தக் காலத்துல இந்தியா ஆடுச்சுன்னு தாத்தா சொல்றாரே?”

தாத்தா சொல்வது உண்மை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடுதான் பிரான்ஸை எதிர்த்து ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். இரண்டு பெனால்டியைத் தவறவிட்டு 2-1 என்று தோற்றார்கள். 1952 ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் 10-1. அதற்குப் பிறகு பூட்ஸ் வந்தது. 1956 மெல்போர்னில் அதே இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று ஜெயித்து நாலாவது இடம் பிடித்தது. நெவில் டிசோசா அந்த ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று தோற்கடித்துத் தங்கமும் வாங்கியது.

பத்து கோல் வாங்கியதற்கும் தங்கத்துக்கும் நடுவில் பத்தே வருஷம். எங்கள் பையன்களுக்கு இதை அடிக்கடி சொல்கிறேன். அப்புறம், பூட்ஸ் வாங்க உண்டியல் டீக்கடையில் கப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.

“தோத்துட்டு வர்றவங்ககிட்ட என்ன பேசணும்னே தெரியல. சும்மா இருந்தா கோவமான்னு கேக்குறாங்க, பேசினா எரிஞ்சு விழுறாங்க.”

இது என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. கேட்பவர்கள் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பெண்கள். வருஷக்கணக்காகப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். முதல் ஒரு மணி நேரம் ஆட்டத்தைப் பற்றி எதுவுமே பேச வேண்டாம். “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேளுங்கள். “பரவாயில்லை, அடுத்த தடவை பார்த்துக்கலாம்” என்று சொல்லாதீர்கள், அதுதான் அவர்களுக்கு ரொம்ப எரியும். அந்த கோலை எப்படி விட்டாய் என்று கேட்கவே கேட்காதீர்கள். எப்படி விட்டான் என்று அவனுக்குத் தெரியும். ராத்திரி படுத்தபிறகு அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருப்பான்.

ஏழு கோல் வாங்கிய அன்று தம்பி வீட்டுக்குள் வரவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து கையுறையைத் துவைத்துக்கொண்டே இருந்தான். சோப்பு நுரை போய்த் தண்ணீர் தெளிந்த பிறகும் விடாமல் பிழிந்தான். அம்மா ஒன்றும் சொல்லாமல் பழைய சோறும் சுட்ட கருவாடும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினாள். அரை மணி நேரம் கழித்து அவனே சொன்னான்: “நாலாவது கோல் மட்டும் நான் பிடிச்சிருக்கணும்மா.” அம்மா, “மத்த ஆறும்?” என்றாள். “அது யாராலயும் முடியாது” என்றான். அப்புறம் சாப்பிட்டான்.

நான் அன்றைக்கு நோட்டில் ஏழு கோலையும் எழுதி, நாலாவதுக்குக் கீழே கோடு போட்டு வைத்தேன். அவன் கேட்டுக்கொண்டபடி.

“‘நாம தோத்தோம்’னு சொல்லணுமா, ‘அவனுங்க தோத்துட்டானுங்க’ன்னு சொல்லணுமா?”

ஐஸ் உடைக்கும் பையன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு இது பெரிய கேள்வியாகத் தெரிந்தது. ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியரும் அவரோடு இருந்தவர்களும் 1976இல் இதையே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கல்லூரி அணி ஜெயித்த வாரம் மாணவர்கள் கல்லூரிப் பெயர் போட்ட உடுப்பை அதிகமாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜெயித்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது ‘நாங்கள்’ என்ற சொல் அதிகம் வந்தது, தோற்றதைப் பேசும்போது குறைந்தது. அது அமெரிக்கர்கள் ஆடும் கால்பந்து, நம் ஆட்டம் இல்லை. ஆனால் மனுஷ மனசு ஒன்றுதான்.

நம் டீக்கடையில் கவனித்துப் பாருங்கள். முதல் பாதி வரை ‘நாம’. மூன்றாவது கோல் விழுந்ததும் ‘இவனுங்க’ ஆகிவிடும். நீங்கள் எங்களோடு சேர்ந்து வருகிறீர்கள் என்றால் ஒன்றே ஒன்று கேட்கிறேன், ‘நாம தோத்தோம்’ என்று சொல்லுங்கள். வலை வெறுமையாக வந்த அன்று ‘படகு பாடில்லாமல் வந்தது’ என்று யாரும் தள்ளி நின்று சொல்வதில்லை. ‘எங்களுக்குப் பாடில்லை’ என்றுதான் சொல்கிறோம்.

“நம்மளைவிட மோசமா தோத்த டீம் உலகத்துல இருக்கா?”

இருக்கிறது. 2001 ஏப்ரல் 11 அன்று உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், பசிபிக் கடலின் குட்டித் தீவு அணியான அமெரிக்கன் சமோவா ஆஸ்திரேலியாவிடம் 31-0 என்று தோற்றது. ஆர்ச்சி தாம்சன் ஒருவரே 13 கோல். அன்று கோலில் நின்றவர் நிக்கி சலாபு. பத்து வருஷம் கழித்து, 2011 நவம்பரில், டோங்காவை 2-1 என்று அமெரிக்கன் சமோவா ஜெயித்தது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. அன்றும் கோலில் நின்றவர் அதே சலாபு. இதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். “முப்பத்தொண்ணா?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, கையுறையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டான்.

சான் மரினோ என்று இத்தாலிக்கு நடுவில் ஒரு நாடு. ஜனத்தொகை நம் ராமநாதபுரம் நகரத்தைவிடக் குறைவு. 2004 ஏப்ரலில் லீக்டென்ஸ்டைனை 1-0 என்று ஜெயித்தார்கள். அதற்கு அடுத்த வெற்றி 2024 செப்டம்பர் 5, அதே லீக்டென்ஸ்டைன், அதே 1-0. நடுவில் இருபது வருஷம் ஒரு வெற்றிகூட இல்லை. அதற்கு முன்னால் 1993இல் இங்கிலாந்தோடு ஆடியபோது பத்து விநாடிக்குள் கோல் போட்டவர்களும் அவர்கள்தான். அந்த ஆட்டத்தில் 7-1 என்று தோற்றார்கள். ஆனால் முதல் கோல் அவர்களுடையது, அதை யாரும் அழிக்க முடியாது.

“நான் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆளு. என் கஷ்டமும் உங்க கஷ்டமும் ஒண்ணா?”

கீழக்கரையிலிருந்து ஐஸ் எடுக்க வரும் தம்பி கேட்டது. மஞ்சள் சட்டையோடுதான் வண்டி ஓட்டுவார். ஒன்று இல்லை, உங்கள் கஷ்டம் வேறு மாதிரி. 2014 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) இறுதியில் கொல்கத்தாவிடம் கடைசி நிமிஷத்தில் 1-0. 2016 இறுதியில், சொந்த ஊர் கொச்சியில், அதே கொல்கத்தாவிடம் பெனால்டியில். 2022 இறுதியில் ஹைதராபாத்தோடு 88வது நிமிஷம் வரை 1-0 என்று முன்னால் நின்று, சமன் ஆகி, மறுபடி பெனால்டியில். எதிரணி கோலி கட்டிமணி மூன்று பெனால்டியைத் தடுத்துவிட்டார்.

நாங்கள் முதல் சுற்றில் தோற்றுவிட்டு ஆறு மணிக்கு வீடு வந்து சேர்ந்துவிடுகிறோம். நீங்கள் கப்பைக் கண்ணால் பார்க்கும் தூரம் வரை போய்த் திரும்பியிருக்கிறீர்கள், அதுவும் மூன்று தடவை. வாய்க்கு எட்டியதைக் கீழே போடுவதுதான் ரொம்ப வலிக்கும். அன்றைக்கு அவருக்கு டீ நான் வாங்கிக் கொடுத்தேன்.

“பலமான டீமை நாம ஜெயிக்க வாய்ப்பு இருக்கா, இல்ல சும்மா ஆறுதலுக்குச் சொல்றீங்களா?”

உண்மையிலேயே இருக்கிறது. கால்பந்தில் கோல் விழுவது குறைவு. கூடைப்பந்து, கபடி மாதிரி ஐம்பது, அறுபது புள்ளி போகிற ஆட்டத்தில் பலமான அணி ஒன்றிரண்டு தப்பு செய்தாலும் கடைசியில் கணக்கு நேராகிவிடும். ஒரே ஒரு கோல் முடிவு செய்கிற ஆட்டத்தில் ஒரு வழுக்கல் போதும். 1950 உலகக் கோப்பையில் இங்கிலாந்தை அமெரிக்கா 1-0 என்று ஜெயித்தது. 2022 நவம்பர் 22 அன்று சவுதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று ஜெயித்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். அந்த உலகக் கோப்பையை வாங்கியது அதே அர்ஜென்டினாதான். மறுநாள் சவுதியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு லீவு விட்டார்கள் என்று ஊருக்கு எத்தனை போன் வந்தது!

செவன்ஸில் ஆட்டம் இன்னும் குறுகியது, நாற்பது நிமிஷம். அதனால் எங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

“மதினி, பொம்பளைங்க கிரவுண்டுக்கு வரலாமா? ஏதாச்சும் சொல்லுவாங்களா?”

வாருங்கள். நான் முதன்முதலில் நோட்டோடு போய் நின்றபோது சொன்னார்கள்தான். இப்போது நான் வராவிட்டால் ‘கோல் போட்டவன் யாருன்னு யார் எழுதுறது?’ என்று ஆள் அனுப்புகிறார்கள். கிழக்குப் பக்கம் ஐஸ் வண்டி நிற்கும் இடத்தில் நிழல் இருக்கும், அங்கே நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்போம்.

பார்ப்பதோடு ஏன் நிறுத்த வேண்டும்? மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் அணி 2019இல் இந்திய மகளிர் லீக் கோப்பையையே வாங்கியது. சேது என்ற பெயர் நம் கரையினுடையது. எங்கள் ஊரில் ஆறு பெண் பிள்ளைகள் சனிக்கிழமை சாயங்காலம் பழகுகிறார்கள். ஏழாவது ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

“எங்கப்பா ஊர் டீமும் இந்த ஊர் டீமும் மோதினா நான் யாருக்குக் கை தட்டணும்?”

போன தை மாதம் இங்கே வாழ வந்த பெண் கேட்டது. அந்த ஆட்டம் நிஜமாகவே வந்தது. அவள் அண்ணன் அந்தப் பக்கம், புருஷன் இந்தப் பக்கம். மாமியார் ஒரு தீர்ப்பு சொன்னார்: “யாரு விழுந்தாலும் எழுந்திரிச்சா கை தட்டு.” அவளும் அப்படியே தட்டினாள். அன்றைக்கு இரண்டு பக்கமும் நிறையப் பேர் விழுந்தார்கள். 4-0 என்று தோற்றோம். அண்ணன் சாப்பிட எங்கள் ஊருக்கே வந்தார்.

“என் பையன் நல்லா ஆடுறான். இந்தத் தோக்குற டீம்லயே வச்சிருக்கணுமா, வெளியே அனுப்பலாமா?”

அனுப்புங்கள். இதை எழுதும்போது எனக்கு மனசு கனக்கிறது. ஏனென்றால் உங்கள் பையன் எங்கள் லெஃப்ட் விங். அவன் போனால் அந்தப் பக்கம் ஆள் இல்லை. ஆனாலும் அனுப்புங்கள். ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்தில் தேர்வு நடக்கும்போது கூட்டிப் போங்கள். விடுதியோடு இருக்கும் விளையாட்டுப் பள்ளிகளில் இடம் கிடைத்தால் மூன்று வேளைச் சாப்பாடும் சொல்லிக்கொடுக்க ஆளும் கிடைக்கும். சனிக்கிழமை ராத்திரி தூங்கவும் செய்வான். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். வரை போனார். அவரும் கடற்கரைப் பிள்ளைதான்.

லீவுக்கு வரும்போது ஜெர்சியைத் துவைத்து வைத்திருப்போம். பதினொன்றாம் நம்பரை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

“ஒருவேளை கப்பு ஜெயிச்சுட்டா என்ன பண்ணுவீங்க?”

ஒரு தடவை அரையிறுதி வரை போனோம். ஜெயித்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் காலையிலேயே இரண்டாயிரம் வாலா ஒரு சரம் வாங்கிவிட்டார்கள். வைக்க இடம் இல்லாமல் ஐஸ் கம்பெனியின் பின் அறையில் வைத்தார்கள். பெனால்டியில் தோற்றோம். சரத்தை எடுக்க ஒருவரும் வரவில்லை. மாசக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது நான்தான் எடுத்தேன். சாக்கு நனைந்து, வெடி ஒன்றோடொன்று ஒட்டிப்போய், தொட்டால் சிவப்புச் சாயம் கையில் ஏறியது.

அதிலிருந்து முன்கூட்டி வாங்குவதில்லை. ராமநாதபுரத்தில் ஒரு கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறோம், எத்தனை மணிக்குப் போன் செய்தாலும் கதவைத் திறப்பார். போன் செய்ய வேண்டியது நான். அவர் நம்பரை ஆட்ட நோட்டின் பின் அட்டையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஆட்டம் வரும் ஞாயிறு நாலு மணிக்கு.